சொல்லிவிட்டு அடிக்கும் எதிரிகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்தத் தலைப்பில் பேசப் போகிறேன் என்று செயலாளர் கேட்டபோது, 'வீடியோ கேமில் வரும் எதிரிகள்' என்று எழுதி அனுப்பினேன். உடனே போன் வந்தது. "சார், தலைப்பு சரியாத்தான் வந்திருக்கா?" என்றார். சரியாகத்தான் வந்திருக்கிறது. பௌதிகம் படித்துவிட்டு முப்பது வருஷம் சாஃப்ட்வேர் எழுதிய மனுஷன், 'விஞ்ஞானமும் சமுதாயமும்' என்று ஏதாவது பேசுவான் என எதிர்பார்த்திருப்பார்கள் போல. அதைப் பேச இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். (சிரிப்பு)

விளையாட்டு நல்லதா கெட்டதா என்பதை நான் தொடப் போவதில்லை. அது பட்டிமன்றத்துக்கு உரிய சமாச்சாரம். பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணி வரை ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கவலை இங்கே பல பேருக்கு இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறான், என் அக்கா மகன். அவனுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துத்தான் நான் இதற்குள் நுழைந்தேன்.

எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். ஆடுபுலி ஆட்டத்தில் புலிக்கு மூளை எங்கே இருக்கிறது? எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் இருக்கிறது. எங்க பாட்டி திண்ணையில் உட்கார்ந்து புலி வைத்து ஆடினால் மூன்று புலியும் பாட்டி மாதிரியே யோசிக்கும். கம்ப்யூட்டர் விளையாட்டில் எதிர்ப்பக்கம் காலி. யாரோ ஒரு புரோகிராமர் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போன சில விதிகள்தான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. அந்த விதிகளை எப்படி எழுதினால் அது நமக்கு எதிரியாகத் தெரியும்? அந்த எதிரி எவ்வளவு கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்? எதிரிகள் பல பேர் என்றால் அவர்களுக்குள் என்ன உறவு?

என் வயதுக்காரர்களுக்கும் தெரிந்த ஒன்றில் ஆரம்பிக்கிறேன். பேக்-மேன். நாம்கோ கம்பெனிக்காக டோரு இவாடானி வடிவமைத்து 1980-ல் வந்தது. இது வியூக விளையாட்டு இல்லை, ஓட்ட விளையாட்டுதான். ஆனாலும் பாலபாடம் இங்கேதான் இருக்கிறது. நான்கு பேய்கள் துரத்தும். நான்கும் ஒரே மாதிரி துரத்துவதாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஜப்பானிய மூலத்தில் அவற்றின் குணத்தையே பெயராக வைத்திருந்தார்கள். துரத்துகிறவன், பதுங்கிப் பிடிக்கிறவன், மனம் போனபடி போகிறவன், ஒன்றும் தெரியாத மாதிரி நடிக்கிறவன்.

சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறி வைக்கும். இளஞ்சிவப்பு, உங்கள் முகம் திரும்பியிருக்கும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும். ஆரஞ்சு, எட்டு கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும். கிட்டே வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். நம்ம ஹாஸ்டலில் சண்டைக்குப் போகிற சில பேர் இந்த ரகம்! நீலப் பேய்தான் சுவாரஸ்யமானது. உங்களுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி. சிவப்புப் பேய் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டை இரண்டு மடங்காக நீட்டினால் எங்கே முடிகிறதோ அதுதான் நீலத்தின் குறி. கூட்டாளி என்ற எண்ணமோ பேச்சுவார்த்தையோ அதற்குக் கிடையாது. ஆனால் சிவப்பு பின்னால் வர, நீலம் எதிரே வந்து மடக்கும். 'ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு வருதுடா' என்று விளையாடுகிறவன் சத்தியம் செய்வான்.

இன்னொரு விஷயம். இந்தப் பேய்கள் இடைவிடாமல் துரத்துவதில்லை. முதல் லெவலில் 7 விநாடி தங்கள் மூலைகளுக்குப் போகும், பிறகு 20 விநாடி துரத்தும், மறுபடி 7 விநாடி ஒதுங்கும். நமக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிறார்கள். எதிரியை எழுதுகிறவன், ஜெயிக்கும் எதிரியை எழுதுவதில்லை. விளையாடுகிறவன் படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய எதிரியை எழுதுகிறான்.

அப்புறம் வந்த வியூக விளையாட்டுகள் பெரும்பாலும் வேறு வழியில் போயின. எதிரியின் எண்ணத்தை மறைப்பது, அதோடு கொஞ்சம் அதிர்ஷ்டத்தைக் கலப்பது. 2012-ல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்னோன்' நல்ல உதாரணம். வேற்றுக்கிரக ஜந்துக்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். உங்கள் சிப்பாய் கண்ணில் பட்டதும் சிதறி ஓடி மறைவிடம் தேடும். அதில் செக்டாய்ட் என்ற ஜந்து தன் மனசை இன்னொரு செக்டாய்டோடு இணைத்து அதற்குப் பலம் கூட்டும்; ஆனால் இணைத்தவன் செத்தால் இணைக்கப்பட்டவனும் சேர்ந்தே விழுவான். அருமையான யோசனை. ஆனால் அந்த விளையாட்டில் துப்பாக்கியை நீட்டினால் இத்தனை சதவீதம் படும் என்று ஒரு எண் வரும். 90 சதவீதம் என்று காட்டும். சுட்டால் தவறும். என் அக்கா மகன் மவுஸைத் தூக்கி எறிந்தது அந்த விளையாட்டில்தான். தோற்றதற்கு அவனிடம் எப்போதும் ஒரு காரணம் ரெடியாக இருக்கும்: "மாமா, நான் கரெக்டாத்தான் ஆடினேன். அதிர்ஷ்டம் இல்ல."

இந்தக் காரணத்தை வாயைத் திறக்க விடாமல் செய்த விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் உண்மையில் வந்தேன். 'இன்டு த பிரீச்' என்று பெயர். ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இரண்டு பேர் தொடங்கிய சப்செட் கேம்ஸ் என்ற சின்னக் கம்பெனி 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. 2012-ல் 'எஃப்.டி.எல்.' என்ற விண்கல விளையாட்டைச் செய்து பெயர் வாங்கியவர்கள் அவர்கள். 2022-ல் இது செல்போனுக்கும் வந்தது.

களம் மிகச் சின்னது. எட்டுக்கு எட்டு, செஸ் போர்டு அளவுதான். நம் பக்கம் மூன்று ராட்சத எந்திரங்கள். மெக் என்பார்கள், உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டுவது. எதிரிகள் பூமிக்கு அடியிலிருந்து கிளம்பி வரும் பூதாகாரப் பூச்சிகள், பெயர் வெக். களத்தில் அங்கங்கே கட்டடங்கள், உள்ளே ஜனங்கள். அந்தக் கட்டடங்கள்தான் நம் எந்திரங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் தொகுப்பு. கட்டடம் அடிபட்டால் மின்சாரம் குறையும். மின்சாரம் பூஜ்யமானால் ஆட்டம் முடிந்தது.

இதில் என்ன புதுமை? வெக் பூச்சிகள் முதலில் நகரும். நகர்ந்து நின்று, யாரை அடிக்கப் போகிறேன் என்பதை அப்படியே களத்தில் காட்டிவிடும். இந்தக் கட்டத்தை, இந்தத் திசையில், இத்தனை அடி. அடித்துவிடாது, காட்டிவிட்டு நிற்கும். அப்புறம் நம் முறை. மூன்று எந்திரமும் நகர்ந்து தங்கள் வேலையைச் செய்த பிறகுதான் அவை சொன்னபடி அடிக்கும். எந்தப் பூச்சி முதலில், எது இரண்டாவது என்ற வரிசையைக்கூட ஒரு பட்டனை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து எந்தக் கட்டத்திலிருந்து புதுப் பூச்சி முளைக்கும் என்பதும் தரை அதிர்ந்து முன்கூட்டியே தெரிந்துவிடும். இத்தனை சதவீதம் படும் என்ற பேச்சே இல்லை, அடித்தால் படும். அதிர்ஷ்டம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று: அடிபடும் கட்டடம் தாக்குப்பிடிக்க ஒரு சிறு வாய்ப்பு, ஆரம்பத்தில் 15 சதவீதம். அதுவும் நமக்குச் சாதகமானது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். நானும் பின்னால் நின்று அதையேதான் கேட்டேன். அக்கா மகன் எழுந்து நாற்காலியைக் கொடுத்து, "உக்காருங்க மாமா" என்றான். இருபது நிமிஷம் ஒரே முறையை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம், பூச்சிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். மின்மினி நேர்கோட்டில் சுடும். வழியில் எது முதலில் வருகிறதோ அதன்மேல் படும். குளவி பக்கத்துக் கட்டத்தைக் கொட்டும். பறப்பதால் தண்ணீரில் தள்ளினாலும் சாகாது. தேள் பக்கத்தில் இருப்பவனை வலையில் சிக்க வைத்துக் கொட்டும். சிக்கிய எந்திரம் நகர முடியாது, ஆனால் தேளை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் வலை அறுந்துவிடும். வண்டு, முட்டும் காளை மாதிரி நேரே பாயும். சிலந்தி முட்டையை வீசும். அடுத்த முறையில் அது பொரிந்து குட்டி வரும். பிளாபர் என்ற ஒன்று, வெடிக்கும் கொழகொழப் பிண்டத்தைத் துப்பும். பிண்டம் அடுத்த முறையில்தான் வெடிக்கும் என்பதால், அதற்குள் அதைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பூச்சிகளுக்கு நடுவில் வைக்கலாம். தோண்டிப் பூச்சி ஒன்று தன்னைச் சுற்றிப் பாறைகளை எழுப்பிக்கொண்டு அதன் பின்னால் பத்திரமாக நிற்கும்.

இவற்றுக்கு மேலே சயான் என்ற மிதக்கும் ஜந்துக்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சயான்களில் பெரும்பாலானவை யாரையும் அடிப்பதில்லை. சும்மா ஒரு மூலையில் மிதந்துகொண்டிருக்கும். ஆனால் அது இருக்கிற வரைக்கும் மற்றப் பூச்சிகளின் குணம் மாறிவிடும். ஒரு வகை எல்லாப் பூச்சிக்கும் உயிர் ஒன்று கூட்டும். ஒரு வகை ஒவ்வொரு முறையும் காயத்தை ஆற்றும். இன்னொரு வகை எல்லாவற்றுக்கும் கவசம் கொடுக்கும். ஆயுதத்தால் அடித்தால் ஒன்று குறைந்துதான் படும். ஆனால் கவசம் ஆயுதத்துக்கு மட்டும்தான். ஒரு பூச்சியை இன்னொன்றின்மேல் தள்ளி மோத விட்டால் இரண்டுக்கும் ஒரு அடி முழுசாகப் படும். அதனால் கவசம் வந்ததும் அடிப்பதை விட்டுவிட்டுத் தள்ள ஆரம்பிப்போம். வெடி வகைச் சயான் இருந்தால், எந்தப் பூச்சி செத்தாலும் வெடித்துப் பக்கத்துக் கட்டங்களைத் தாக்கும். பூச்சிகளுக்குக் கொடுத்த வரம்தான். ஆனால் நாலு பூச்சி நெருக்கமாக நிற்கும்போது ஒன்றைக் கொன்றால் தீபாவளிச் சரவெடிதான். ஒன்றுக்கொன்று செய்யும் உதவியே ஒன்றையொன்று கொன்றுவிடும். வரத்தாலேயே அழிந்த பஸ்மாசுரன் கதையை யாரும் அந்த இரண்டு பேருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், இருந்தாலும்!

தள்ளுவதைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். கரும்பலகையில் வரைந்து காட்டியதை இங்கே வார்த்தையில் எழுதுகிறேன். வாசகர்கள் கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டுக்கொள்ளலாம். வரிசைகளை மேலிருந்தும், கட்டங்களை இடமிருந்தும் எண்ணுங்கள்.

4-ஆம் வரிசை 2-ஆம் கட்டத்தில் ஒரு மின்மினி. வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. அதே வரிசை 6-ஆம் கட்டத்தில் ஒரு கட்டடம். நடுவில் ஒன்றும் இல்லை. ஆகவே அந்தக் கட்டடம் அடிபடப் போகிறது. 5-ஆம் வரிசை 5-ஆம் கட்டத்தில் ஒரு தேள். அதற்கு வலப்பக்கம், 6-ஆம் கட்டத்தில், இன்னொரு கட்டடம். தேள் அதைக் கொட்டப் போகிறது. நம்மிடம் ஒரே ஒரு எந்திரம் மிச்சம். குத்துச்சண்டை வீரன் மாதிரி கைமுஷ்டியால் குத்துகிற எந்திரம். குத்தினால் இரண்டு அடி, எதிரி ஒரு கட்டம் பின்னால் தள்ளப்படும். மின்மினிக்கும் தேளுக்கும் தலா மூன்று உயிர். எந்திரம் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

மின்மினியைக் குத்தினால் தேள் கொட்டும். தேளை இடப்பக்கம் நின்று குத்தினால் அது கட்டடத்தின்மேலேயே போய் மோதும். கட்டடத்துக்கு நாமே சேதம் செய்தவர்கள் ஆவோம். இரண்டையும் கொல்ல பலம் இல்லை. சாதாரணமாக யோசித்தால் ஒரு கட்டடம் போனது போனதுதான்.

இப்போது எந்திரத்தை 6-ஆம் வரிசை 5-ஆம் கட்டத்தில், தேளுக்கு நேர் கீழே நிறுத்தி மேல்நோக்கிக் குத்துங்கள். தேளுக்கு இரண்டு உயிர் போய் ஒன்று மிச்சம். தள்ளப்பட்டு 4-ஆம் வரிசை 5-ஆம் கட்டத்தில் போய் நிற்கிறது. அது எந்த இடம்? மின்மினி சுடப்போகும் கோடு! மின்மினி சொன்ன சொல் மாறாமல் சுடுகிறது. குண்டு தேளின்மேல் படுகிறது. தேள் காலி. இரண்டு கட்டடமும் பிழைத்தது. (கைதட்டல்)

மின்மினிக்குத் தேள்மேல் பகை ஏதும் கிடையாது. அது 'வலப்பக்கம் சுடுவேன்' என்றது, சுட்டது. சொன்னதை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை. நாம் மாற்றியது அந்தச் சொல் நிறைவேறும் இடத்தை. புத்தியை மறைக்காத எதிரியை எதிரியாலேயே அடிக்க முடியும் என்பதுதான் இந்த விளையாட்டின் முழு சூட்சுமம். புதுப் பூச்சி முளைக்கப்போகும் துளையின்மேல் பழைய பூச்சியைத் தள்ளி நிறுத்தினால், வருகிறவன் வர முடியாது, மேலே நிற்பவனுக்கும் ஒரு அடி. ஒரே தள்ளலில் இரண்டு லாபம்.

கொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. குறிப்பிட்ட சில முறைகள் தாக்குப்பிடித்தால் மிச்சமுள்ள பூச்சிகள் தாமாகவே மண்ணுக்குள் போய்விடும். இதைப் புரிந்துகொள்ள எங்க பையனுக்கு ஒரு வாரம் ஆயிற்று. இத்தனை நாள் விளையாடியது எல்லாம் 'எத்தனை பேரைச் சாய்த்தாய்' என்று கேட்கிற விளையாட்டுகள். இது 'எத்தனை பேரைக் காப்பாற்றினாய்' என்று கேட்கிறது. இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 'மேன் ஆஃப் ஸ்டீல்', 'பசிஃபிக் ரிம்' என்று 2013-ல் வந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ராட்சதர்கள் மோதுவார்கள், பின்னணியில் நகரமே இடிந்து விழும், உள்ளே இருந்த ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கட்டடங்கள்தான் முக்கியம் என்று வைத்தால் எப்படி இருக்கும் என்ற யோசனையிலிருந்துதான் இந்த விளையாட்டு பிறந்தது.

அதற்கேற்றபடி கணக்கையும் போட்டிருக்கிறார்கள். எந்திரம் அடிபட்டால் சண்டை முடிந்ததும் சரியாகிவிடும். கட்டடத்தோடு போன மின்சாரம் தானாகத் திரும்பி வராது. எந்திரம் முழுசாக வீழ்ந்தால் உள்ளே இருக்கும் ஓட்டுநர் செத்துப் போவார். அவர் அதுவரை பெற்ற அனுபவமும் அவரோடு போகும். ஆக, ஒவ்வொரு முறையும் தராசு ஒன்றுதான்: கட்டடமா, எந்திரமா, ஓட்டுநரா? எதிரி என்ன செய்யப்போகிறான் என்று தெரியாதபோது இந்தக் கேள்வியை யாரும் நம்மிடம் கேட்பதில்லை. அடி விழுந்த பிறகு 'அடடா' என்று வருத்தப்படலாம், அவ்வளவுதான். தெரிந்துவிட்டால், விழப்போகும் கட்டடத்தைப் பார்த்து, 'சரி, நீ போ' என்று நாமே முடிவு செய்து பட்டனை அழுத்த வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். கையில் இருப்பது விளையாட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டனுக்கு மேலே என் விரல் நின்ற நேரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புராஜெக்ட் என்றால், 'சார், எதிரிக்கு ஏ.ஐ. போட்டு மனுஷன் மாதிரி யோசிக்க வைக்கப் போறேன்' என்று வருகிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு பூச்சி எழுதுங்கள். ஒரே விதி போதும். அப்புறம் வேறு விதியோடு இன்னொரு பூச்சி. இரண்டையும் ஒரே களத்தில் விட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதாத மூன்றாவது ஒன்று அவற்றுக்கு நடுவில் நடக்கும். நீலப் பேயின் கோடும், வெடிச் சயானின் சரவெடியும் அப்படி நடப்பவைதான். ஒவ்வொரு பூச்சியையும் விளையாடுகிறவன் ஒரு பார்வையில் படிக்க முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதுவது, மறைத்து எழுதுவதைவிடக் கஷ்டம். முப்பது வருஷம் புரோகிராம் எழுதியவன் சொல்கிறேன், நம்பலாம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுப் பந்தி காத்திருக்கிறது. போவதற்கு முன்னால் ஒரு கணக்கு.

அதே கரும்பலகைப் படம்தான். மின்மினி முதலில் சுடும் என்ற வரிசையில்தான் நான் சொன்ன தீர்வு பலிக்கும். 4-ஆம் வரிசைக்குத் தள்ளப்பட்ட தேளுக்கு வலப்பக்கம் இப்போது எது இருக்கிறது, பாருங்கள். முதல் கட்டடம்! தேள் முந்திக்கொண்டால் அதைக் கொட்டிவிட்டுத்தான் சாகும். சரி, வரிசையை மாற்றுகிறேன்: தேள் முதலில், மின்மினி இரண்டாவது. 6-ஆம் வரிசை முழுதும் காலி, கட்டடம் ஏதும் இல்லை. அதே ஒரே எந்திரம், ஒரே குத்து. இரண்டு கட்டடத்தையும் காப்பாற்ற வேண்டும். வழி இருக்கிறது. ஆனால் இலவசமாக இல்லை. கண்டுபிடித்தவர்கள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். என்ன விலை கொடுத்தீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.